ராசம்மாள் சொன்ன நேரம்

மீனாட்சிபுரத்தில் மாரப்பன் வீட்டுக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது ஓடு வேய்ந்த ஒரு கொட்டாய். சிமெண்டுத் தரை, இரட்டைக் கதவு, கதவுக்குப் பூட்டு. உள்ளே மாடு கட்டியிருக்கும் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். உள்ளே இருந்தது கார். மாடுகள் பின்னால் ஓலைக் கட்டுத்தரையில், மழை வந்தால் நனைந்துகொண்டும் வெயில் வந்தால் காய்ந்துகொண்டும் நின்றன. நிலக்கடலையும் தென்னையும் இருந்தாலும் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது பாலில்தான். கார் ஒரு சொட்டுக்கூடக் கறந்ததில்லை என்பதை ராசம்மாள் வாரத்துக்கு ஒருதரமாவது எடுத்துச் சொல்வாள்.

அது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கோயமுத்தூர் மில் மேனேஜர் ஒருவர் ஓட்டி அலுத்துப்போய்க் கொடுத்தது. மாரப்பன் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். வீட்டுக்கு யார் வந்தாலும், கடலை வியாபாரியோ கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களோ, கொட்டாய்க்குக் கூட்டிப்போய்க் காரின் மூஞ்சி முழுவதையும் மட்கார்டோடு சேர்த்து முன்பக்கமாகக் கவிழ்த்துக் காட்டுவார். வரைந்தது ஓர் இத்தாலிக்காரர், பாகங்களைக் கோத்துப் பூட்டினது நம்ம மெட்ராஸ், நாலு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும், ஒன்று குழியில் விழுந்தால் மற்றதுக்குத் தெரியாது என்பார். நம்ம வூட்டுலயும் அப்படித்தானுங்க என்று ராசம்மாள் காபி டம்ளரை நீட்டுவாள். வந்தவர்கள் சிரிப்பார்கள், மாரப்பனும் சிரிப்பார், எதற்கென்று தெரியாமல்.

பெட்ரோல் விலை கண்டபடி ஏறிய எழுபத்துநாலாம் வருஷம் அவள் சிரிப்பை நிறுத்தினாள். மூணாறுக்குப் பக்கத்து மாட்டுப்பட்டிப் பண்ணையில் சீமைக் காளையைச் சேர்த்துக் கலப்பினப் பசுக்களை உண்டாக்கியிருந்தார்கள். ஒரு வேளைக்கு எட்டு லிட்டர் கறக்கும் என்று பால் சொசைட்டியில் பேச்சு. காரைக் கேட்டுப் பொள்ளாச்சி டாக்டர் ஒருவர் இரண்டுமுறை ஆள் அனுப்பிவிட்டார். காரைக் கொடுத்தால் இரண்டு பசு வரும், அவற்றைக் கட்ட ஓட்டுக் கொட்டாயும் காலியாகும். கணக்கு இவ்வளவு சுத்தமாக இருந்தும் மாரப்பன் ஆகட்டும் பார்க்கலாம் என்றே ஆறு மாசத்தை ஓட்டினார்.

அப்போதுதான் பாலக்காட்டில் புதிதாக முளைத்த ஒரு மோட்டார் கிளப்காரர்கள் பாலக்காட்டிலிருந்து சாந்தன்பாறை வரைக்கும் கார் ரேலி நடத்தப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். மாரப்பனுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாள் நல்லேப்பிள்ளியிலிருந்து வந்திருந்த மைத்துனர் காளிச்சாமி முன்னாலேயே வாக்குக் கொடுத்தார். முதல் மூன்று பரிசில் ஒன்றாவது ஹெரால்டுக்கு வரவில்லை என்றால் ரேலி முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்து ஓட்டிக்கொண்டு போகலாம். வந்தால் அப்புறம் காரைப் பற்றி இந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. ராசம்மாள் சரி என்றாள். சாட்சியாக உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு இலையில் இன்னும் இரண்டு தோசை விழுந்தது.

ரேலிக்கு மூன்று நாள் இருக்கும்போது, மாரப்பனோடு நேவிகேட்டராகப் போவதாக இருந்த வில்லேஜ் ஆபீஸ் கருப்புசாமிக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. இடது வலது சொல்ல வேண்டிய மனுஷனுக்குத் தண்ணி வேண்டும் என்று சொல்லவே வாய் திறக்கவில்லை. ஊரில் அத்தனை பேரையும் மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்த மாரப்பன், கடைசியில் சமையல்கட்டு வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். பேப்பரும் பென்சிலும் இல்லாமல் ஆறு மாட்டுப் பாலையும் கொழுப்பையும் விகிதம் போட்டு, சொசைட்டி எழுத்தரையே திருத்துகிற தலை அந்த ஊரில் ஒன்றுதான் இருந்தது. அது அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது.

நேராகக் கேட்டால் அவர் மாரப்பன் இல்லையே. அமெரிக்காவில் ஆரம்பித்தார். அந்தக் காலத்துப் பந்தயக் காரில் ஓட்டுகிறவன் பக்கத்தில் இன்னொருவன் உட்கார்ந்து பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்வானாம். ஒருத்தன் மட்டும் அந்த ஆளை இறக்கிவிட்டு ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தனியாக ஓட்டி ஜெயித்தானாம். இன்றைக்கு எல்லாக் காரிலும் இருக்கிற கண்ணாடி அப்படிப் பெயரெடுத்ததாம். அப்படியானால் கண்ணாடியே போதுமே, இன்னும் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு போங்க என்றாள் ராசம்மாள். போதாது என்று மாரப்பன் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இந்த ரேலிக்கு இரண்டு பேர் கட்டாயம்.

ஏனென்றால் இது வேகமாகப் போகிறவனுக்குப் பரிசு கொடுக்கிற பந்தயமே இல்லை. எந்தத் துண்டு ரோட்டை மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வீதம் கடக்க வேண்டும் என்று ஒரு புத்தகம் கொடுப்பார்கள். வழியில் கண்ட்ரோல் என்று மேசை போட்டு ஆள் உட்கார்ந்திருக்கும். சொன்ன நிமிஷத்தில் போய் நிற்க வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினால் ஒரு குற்றப் புள்ளி, ஒரு நிமிஷம் முந்தினால் இரண்டு. முந்தினால் எதற்குத் தண்டனை என்று மாரப்பனுக்கே சரியாகப் பிடிபடவில்லை. ராசம்மாளுக்குச் சட்டென்று பிடிபட்டது. சொசைட்டியில் ஆறு மணிக்கு முன்னால் போனால் கதவு திறந்திருக்காது, காத்து நிற்கிற நேரத்தில் பால் திரியும். பிந்திப் போனால் வண்டி போயிருக்கும். தினமும் அவள் ஓடுகிற ரேலிதானே இது.

வருகிறேன் என்றாள். மாரப்பனுக்கு வாயெல்லாம் பல். அவளுக்கோ உள்ளுக்குள் வேறு கணக்கு. ஓரிடத்தில், ஒரே ஓரிடத்தில், நேரத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னால் போதும், கட்டுத்தரையில் இரண்டு பசு வந்து நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பாலக்காட்டுக் கோட்டை மைதானத்தில் பதினாறு கார்கள் நின்றன. கோயமுத்தூர் மில்காரர் வீட்டுப் பையன்கள் கருப்புக் கண்ணாடியும் கையுறையுமாக ஃபியட்டில் சாய்ந்துகொண்டிருந்தார்கள். ஏலத்தோட்ட முதலாளி ஒருவர் ஜீப்பில் வந்திருந்தார். சேலை கட்டின நேவிகேட்டர் ராசம்மாள் ஒருத்திதான். கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, மடியில் ரேலிப் புத்தகமும் பென்சிலும் ஒரு தூக்குப் போசியில் புளிச்சோறுமாக உட்கார்ந்தாள். மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரையும் வாட்சை கிளப் கடிகாரத்துக்குச் சரிசெய்யச் சொன்னார்கள். அவளும் சரிசெய்தாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். மீனாட்சிபுரத்தில் பால் ஊற்றுகிற வீடு எதிலும் கடிகாரம் உண்மை பேசாது. பால்வண்டியைத் தவறவிடக்கூடாது என்று எல்லாரும் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். ராசம்மாளின் கைக்கடிகாரமும் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவள் எட்டரை என்றால் மாரப்பன் காதில் எட்டு இருபது என்று விழும். பதினெட்டு வருஷமாக விழுகிறது. அதனால் அன்றைக்குக் காரில் ஏறியதும், வாட்சைச் சரியான நேரத்துக்கு வைத்துவிட்டேன் என்று அவள் சொன்னாள். மாரப்பன் இஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டபடி உம் கொட்டினார்.

கொடியை இறக்கினதும் மாரப்பனுக்குச் சாமி வந்துவிட்டது. மெதுவாகப் போங்க, இப்படிப் போனால் அஞ்சு நிமிஷம் முந்திருவோம் என்று அவள் சொல்லச் சொல்லக் கேட்காமல் நெல்வயலுக்கு நடுவே பறந்தார். நல்லேப்பிள்ளி வந்தது. நடுரோட்டில் காளிச்சாமி. கையில் ஆலத்தட்டு, பக்கத்தில் அவர் சம்சாரம், பின்னால் தெருவே நின்றது. பிறந்த வீட்டுப் பெண் வாசல் வழியாகக் காரில் போகும்போது நிறுத்தாமல் போனால் அது என்ன மரியாதை. காருக்கும் மாப்பிள்ளைக்கும் தங்கச்சிக்கும் ஆலம் சுற்றி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஆளுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்துத்தான் விட்டார்கள். மாரப்பன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ராசம்மாள் நிம்மதியாக மோர் குடித்தாள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த மோர்தான் அவர்களைக் காப்பாற்றியது. மீனாட்சிபுரத்து முதல் கண்ட்ரோலில் போய் நின்றபோது மணி சொல்லி வைத்தாற்போல ஏழு முப்பது. பூஜ்யம் புள்ளி. பறந்துவந்த ஃபியட் பையன்கள் மூன்று நிமிஷம் முந்திவந்து ஆறு புள்ளியைக் கட்டிக்கொண்டு உர்ரென்று நின்றார்கள். மேசையில் இருந்தவர் அட்டையில் எழுதி நீட்டினார். ஓட்டுநர் மாரப்பன், நேவிகேட்டர் ராசம்மாள். அவள் பேரை ரேஷன் கார்டில் எழுதியிருக்கிறார்கள், பால் சொசைட்டியில் மாரப்பன் சம்சாரம் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு வேலைக்கு நேராக எழுதி அவள் பார்த்ததில்லை. அட்டையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டுதரம் படித்தாள்.

அதற்கப்புறம் மாரப்பனுக்குப் புத்தி வந்தது. அவள் பேச்சைக் கேட்டு ஓட்டினார். கார் மீட்டர் மைலில், ரேலிப் புத்தகம் கிலோமீட்டரில். அவள் மைலைக் கிலோமீட்டராக்கி, கிலோமீட்டரை நிமிஷமாக்கிச் சொல்லிக்கொண்டே வந்தாள். பொள்ளாச்சி போனது, உடுமலைப்பேட்டை போனது, சின்னாறு செக்போஸ்ட்டும் போனது. அடுத்த கண்ட்ரோல் மறையூர். பத்து ஐம்பதுக்கு அங்கே நிற்க வேண்டும். மலை ஏறத் தொடங்கியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம் என்று மாரப்பன் ஓர் ஊற்றோரமாக வண்டியை நிறுத்தினார். மணி என்ன என்றார். பத்து முப்பத்தஞ்சு என்றாள். இன்னும் பன்னிரண்டு நிமிஷ ஓட்டம் பாக்கி. தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்பினால் சரியாக இருக்கும்.

மாரப்பன் சாவகாசமாகத் துண்டை உதறித் தோளில் போட்டார். இருபத்தஞ்சு நிமிஷம் கிடக்குது என்றார்.

ராசம்மாள் வாயைத் திறந்தாள். பத்து நிமிஷத்தைக் கழித்துவிட்டார் என்று அவளுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. வாட்ச் சரியான நேரம் என்று இன்னொருதரம் சொல்ல ஒரு நிமிஷம் போதும். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவள் ஒன்றும் பொய் சொல்லவில்லை. சொல்லவேண்டியதைப் பாலக்காட்டிலேயே சொல்லிவிட்டாள். கேட்காதது அவர் பாடு. இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஊற்றில் குளித்துக்கொண்டிருந்த லாரிக்காரர் ஒருவர் இத்தனூண்டு கார் மலை ஏறுமா என்று கேட்டுத்தொலைத்தார். போதாதா. மாரப்பன் ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். அங்கே பனிமலையில் நடக்கிற பெரிய ரேலியில், பெரிய இஞ்சின் வைத்த கார்களையெல்லாம் பின்னால் விட்டு, இஞ்சினைக் குறுக்கே படுக்கவைத்து முன்சக்கரத்தால் இழுத்துப்போகிற ஒரு குட்டிக் கார் அறுபத்துநாலில் ஜெயித்த கதை. அடுத்த வருஷமும் ஜெயித்த கதை. லாரிக்காரர் சோப்புக் காய்ந்துபோக நின்று கேட்டார். ராசம்மாள் வாட்சின் பெரிய முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நகர நகர அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மறையூர்க் கண்ட்ரோலில் மேசைக் கடிகாரம் பத்து ஐம்பத்தெட்டு காட்டியது. எட்டுப் புள்ளி. மாரப்பன் முகத்தில் ஈயாடவில்லை. அவர் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தார், அவள் மணிக்கட்டைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

“வாச்சைச் சரி பண்ணீட்டயா புள்ள?”

“பாலக்காட்டுலயே சொன்னனுங்களே.”

அவர் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். அவர் ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு, நான்தான் காதுல வாங்கல, தப்பு எம்மேலதான் என்று மட்டும் சொன்னார்.

மறையூரிலிருந்து மூணாறு வரைக்கும் அவர் வாயில் ஒரு கதையும் வரவில்லை. அந்தக் காரை வாங்கினதிலிருந்து அவர் அதற்குள் கதை சொல்லாமல் இருந்தது அன்றுதான். தேயிலைக்கு நடுவே ஒரு சரிவில் பழுப்பு நிறத்தில் நாலு கலப்பினப் பசுக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. மடி ஒவ்வொன்றும் பானைப் பருமன். மாரப்பன் தானாகவே வேகத்தைக் குறைத்தார். நல்லாப் பாத்துக்க, எது புடிச்சிருக்குன்னு சொல்லு என்றார். குரலில் குத்தல் இல்லை, அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. ஆறு மாசமாகக் கனவில் வந்த பசுக்கள் கண்ணெதிரே நிற்க, நேரமாச்சுங்க, போலாம் என்றாள்.

அதற்குமேல் அவள் ஒரு நிமிஷத்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. மூணாறில் பூஜ்யம். தேவிகுளத்தில் பூஜ்யம். பூப்பாறைக்கு இறங்குகிற கொண்டை ஊசி வளைவுகளில் பெரிய கார்கள் முன்னும் பின்னும் வாங்கி நின்றபோது, முன்சக்கரத்தை ஒரேயடியாக ஒடித்து ஹெரால்டு ஒரே திருப்பில் திரும்பியது. சும்மா சொல்லக்கூடாது, அதைப் பார்த்து ராசம்மாளே ஒருமுறை பலே என்றுவிட்டாள். சொல்லிவிட்டு, யாருக்காகச் சொன்னோம் என்று வெட்கப்பட்டாள். பூப்பாறையிலும் பூஜ்யம்.

சாந்தன்பாறையில் ஓர் ஏல எஸ்டேட் மைதானத்தில் ரேலி முடிந்தது. கடைசிக் கண்ட்ரோலில் நேரம் குறிக்கிற மார்ஷல் அந்த எஸ்டேட் டிரைவர் ஏசுரத்தினம், அறுபதைத் தொடுகிற மனிதர். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் புள்ளிகளைக் கூட்டிப்போட்டு, சாயங்காலம் நாலு மணிக்குப் பலகையில் எழுதினார். முதல் பரிசு ஜீப்புக்கு, நாலு புள்ளி. இரண்டாவது ஓர் அம்பாசடருக்கு, ஆறு. மூன்றாவது ஃபியட்டுக்கு, ஏழு. நாலாவது ஹெரால்டு, எட்டு. முதல் கண்ட்ரோலில் ஆறை வாங்கிக்கட்டிய ஃபியட் பையன்கள் அப்புறம் ஒரே ஒரு புள்ளிதான் வாங்கியிருந்தார்கள்.

மாரப்பன் பலகையை ஒருதரம் படித்தார். பிறகு ஏசுரத்தினத்திடம் போய், ஃபியட் பையன்களுக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னார். “எங்கூட்டுக்காரி சொன்ன நேரம் ஒண்ணுகூடத் தப்பில்லீங்க. நாந்தேன் கேக்கல. கேட்டிருந்தா முதல் பரிசு எங்களுக்குத்தானுங்க.”

ஏசுரத்தினம் பலகையைத் திரும்பிப் பார்த்து, “அண்ணாச்சி சொல்லுதது சரிதாம்மா. மறையூர் ஒண்ணு போக உங்க அட்டையில எல்லாம் முட்டைல்லா போட்டிருக்கு” என்றார்.

அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். நிலம் பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது ராசம்மாளுக்கு. மாரப்பன் அவள் பக்கம் வந்து, வாக்கு வாக்குத்தான், செவ்வாய்க்கிழமை டாக்டருக்கு ஆள் அனுப்பிவிடலாம், வரும் வழியில் பார்த்த பசுவில் அந்த நெற்றிச்சுட்டி வைத்தது நல்ல பசு என்று சொல்லிக்கொண்டே போனார். பேசாமல் தலையாட்டினால் முடிந்தது. பசுவும் கிடைக்கும், கொட்டாயும் கிடைக்கும், கெட்டிக்காரி என்ற பேரும் கிடைக்கும்.

அவளால் முடியவில்லை. அவரைக் காருக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனாள்.

“ஊத்துக்கிட்ட நீங்க பத்து நிமிஷத்தக் கழிச்சது எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சேதான் பேசாம இருந்தேன்.”

சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கோபம் வருமா சிரிப்பு வருமா என்று மாரப்பனுக்கே தெரியாததுபோல அவர் முகம் இரண்டு பக்கமும் போய்வந்தது. கடைசியில், அப்படீன்னா பந்தயம் செல்லாது என்றார், மெதுவாக. செல்லாதுங்க என்று ஒத்துக்கொண்டாள். காரை விற்க வேண்டாம் என்றும் சொன்னாள். மாரப்பன் முகம் மலர ஆரம்பித்தது. அது முழுவதும் மலர்வதற்குள் மிச்சத்தையும் சொல்லிவிட்டாள்.

“ஓட்டுக் கொட்டாய் மாட்டுக்கு. காரு எனக்கு. அடுத்த வருசம் நான் ஓட்டறேன், நீங்க நேரம் சொல்லுங்க.”

முன்பின் தெரியாத டாக்டருக்குக் காரைத் தூக்கிக்கொடுக்கச் சம்மதித்த மனுஷன், கட்டின பெண்டாட்டிக்குக் கொடுப்பது என்றதும் ஆடிப்போய்விட்டார். பொம்பளைங்க எங்க புள்ள மலையில என்று இழுத்தார். உலகத்தில் முதன்முதல் காரை ஊர் தாண்டி ஓட்டினது அதைச் செய்த ஜெர்மன்காரரின் பெண்டாட்டிதான் என்றும், புருஷனுக்குத் தெரியாமல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள் என்றும் போன தீபாவளிக்கு நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள் ராசம்மாள். அவர் கதையை அவர் பக்கமே திருப்பினால் பாவம் அந்த மனுஷன் எங்கே போவார். இந்த மைதானத்துலயே ஒரு சுத்துப் பழகு என்று சாவியை நீட்டினார்.

அவள் வலது பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். மாரப்பன் சுற்றிவந்து இடது சீட்டில் ஏறினார். அந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து அந்த சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. ரேலி அட்டை அங்கேயே கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நேவிகேட்டர் முறைப்படி மைல் மீட்டரைப் பார்த்து எழுதத் தலையைத் தூக்கினார். சாய்ந்து பார்த்தார். கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

“இங்கிருந்து மீட்டரு ஒண்ணுமே தெரியலயே புள்ள. நீ எப்படிப் பாத்தே?”

“காத்தால இருந்து எட்டி எட்டித்தான் பாத்தனுங்க” என்றாள் ராசம்மாள்.